மலைமேல் வாழ ரத்தம் கெட்டியாக வேண்டுமா?

கொரோனா காலத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. ரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98 சதவீதம் என்று காட்டினால் நிம்மதி. 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் பாட்டிக்குக்கூட மனப்பாடம். அதே கருவியைத் திபெத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒருவரின் விரலில் மாட்டினால் 89-ஐ ஒட்டித்தான் காட்டும். அவர் கட்டிலில் படுத்துக் கிடக்கவில்லை. யாக் மேய்க்கிறார், பார்லி அறுக்கிறார், மூட்டை தூக்குகிறார், பிள்ளை பெற்று வளர்க்கிறார். சென்னையிலிருந்து போகும் நமக்கு அங்கே நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும்.

எப்படி முடிகிறது அவரால்? யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லும் பதில்: "அவங்க ரத்தத்துல சிவப்பணு ஜாஸ்தியா இருக்கும்." நியாயமான ஊகம்தான். ஆராய்ச்சியாளர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைமக்களிடம் அதைக் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். திபெத்தில் போய் அளந்தபோதுதான் கணக்கு உதைத்தது. அங்கே ரத்தம் கிட்டத்தட்ட நம் ரத்தம் மாதிரியே இருந்தது.

இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டால் போதும், உயர்மலை மக்களின் மரபணுக் கதை முழுவதும் அதிலிருந்து பிரிந்து வரும்.

குறைவது எது?

"மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறையும்" என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். விகிதம் குறைவதில்லை. மெரினாவிலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ பஸ்ஸில் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே அடைத்த காற்று, வெளியே அழுத்தம் தளரத் தளர விரிகிறது. ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. திபெத்தின் லாசாவில், அதாவது 3,650 மீட்டரில், மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,500 மீட்டரில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டே போகும்.

அப்படியானால் ஊட்டிக்காரர்கள் மட்டும் எப்படிச் சௌகரியமாக இருக்கிறார்கள்? காரணம் ஹீமோகுளோபினின் குணம். சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் இந்தப் புரதம், அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அதன் பிடி சரசரவென்று தளரும். அந்த எல்லை 2,500 மீட்டரை ஒட்டி வருவதால்தான் மருத்துவர்கள் உயர்மலைச் சிக்கல்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதே அதற்கு மேலேதான். நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். கோட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனால் அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஆக இந்தக் கதை நீலகிரியில் நடப்பதில்லை. உலகம் முழுக்க 2,500 மீட்டருக்கு மேலே வாழ்பவர்கள் 8 கோடிக்கும் அதிகம். இதில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேலேயே வாழ்ந்து, அதிகம் ஆராயப்பட்டவர்கள் மூன்று கூட்டத்தார்: திபெத்தியர்கள், ஆண்டீஸ் மக்கள், எத்தியோப்பிய மேட்டுநிலத்தார்.

பழகுவது வேறு, பிறவியிலேயே பொருந்துவது வேறு

டெல்லியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் லடாக்கின் லே நகரம் வந்துவிடும். உயரம் சுமார் 3,500 மீட்டர். இறங்கிய அன்றிரவே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. பெரும்பாலோருக்கு இரண்டு நாள் ஓய்வில் சரியாகும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும், அரிதாக மூளையும் வீங்கும். இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர்கள் பலர் இப்படித்தான் அவதிப்பட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த நம் ராணுவ மருத்துவர்கள் எழுதியவை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுபவை. மலையேறுபவர்களுக்குச் சொல்லப்படும் விதி எளிது: 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுத்துத் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள். விமானத்தில் லே போகிறவர்கள் முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள். லடாக் போகும்போது மரபணுவையெல்லாம் மறந்துவிட்டால்கூட இதை மறக்க வேண்டாம்.

நாள் போகப் போக உடம்பு என்ன செய்கிறது? முதலில் மூச்சு வேகமாகிறது. கழுத்து ரத்தக் குழாயில் இருக்கும் சின்ன உணர்விகள் ஆக்சிஜன் குறைவதை மூளைக்குச் சொல்லி இதைச் செய்விக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. அப்புறம் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சைக்கிள் பந்தய வீரர்கள் திருட்டுத்தனமாக ஊசி போட்டு மாட்டிக்கொள்ளும் அதே 'இ.பி.ஓ.'தான். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டச் சொல்கிறது. சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறுகிறது. கீழே இறங்கி வந்தால் அதுவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதெல்லாம் உடம்பு பழகுவது. உங்களுக்கும் நடக்கும், எனக்கும் நடக்கும். சியாச்சினில் வருடக்கணக்கில் காவல் இருந்த வீரருக்குப் பிறக்கும் குழந்தை, அந்தப் பழக்கத்தோடு பிறப்பதில்லை. மரபணுத் தகவமைப்பு என்பது இதிலிருந்து வேறு. ஒரு கூட்டத்தில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவின் எழுத்து சற்று மாறி இருக்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களின் பிள்ளைகள் மலையில் கொஞ்சம் அதிகமாகப் பிழைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படியே. நூற்றுக்கணக்கான தலைமுறை கழித்துப் பார்த்தால், முன்பு நூற்றில் சிலரிடம் இருந்த மாற்றம் இப்போது பெரும்பாலோரிடம் இருக்கிறது. தனி ஆள் யாரும் மாறவில்லை. கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற விகிதம்தான் மாறியது.

ரத்தக் கணக்கு

இப்போது அந்த முரணுக்கு வருவோம். அமெரிக்க மானுடவியலாளர் சிந்தியா பீலும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் மூன்று மலைகளிலும் ஏறி இறங்கி அளந்த எண்களை வைத்து நாமே ஒரு சின்னப் பெருக்கல் போடலாம். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதையும், அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் பெருக்கினால் போதும்; ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும்.

கடற்கரையில் வாழும் ஆரோக்கியமான ஆண்: 15 கிராம், 98 சதவீதம். பெருக்கினால் 14.7. சுமார் 4,000 மீட்டரில் திபெத்திய ஆண்: 15.6 கிராம், 89 சதவீதம். வருவது 13.9. அதே உயரத்தில் ஆண்டீஸ் ஆண்: 19.2 கிராம், 92 சதவீதம். வருவது 17.7.

பாருங்கள், ஆண்டீஸ்காரரின் ரத்தம் சென்னைக்காரரின் ரத்தத்தைவிட அதிக ஆக்சிஜன் சுமக்கிறது. திபெத்தியரின் ரத்தமோ நம்மைவிடக் குறைவாகச் சுமக்கிறது. காகிதத்தில் ஜெயித்தவர் ஆண்டீஸ்காரர்தான்.

ஆனால் ரத்தம் ஓடியாக வேண்டுமே. சிவப்பணு கூடினால் ரத்தம் கெட்டியாகும். கூட்டம் அதிகம் என்று பஸ்களை மட்டும் கூட்டிவிட்டு ரோட்டை அதே அகலத்தில் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். இதயம் முக்கித் தள்ள வேண்டியிருக்கும், நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும், ரத்தம் உறையும் ஆபத்து கூடும். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925-இல் விவரித்த நோய் இதுதான். பல வருடம் மலையில் நன்றாக இருந்த ஒருவருக்கு ஹீமோகுளோபின் அளவுமீறி ஏறுகிறது: ஆண்களில் 21 கிராமும் அதற்கு மேலும், பெண்களில் 19-உம் அதற்கு மேலும். உதடும் விரலும் கருநீலமாகும். தலைவலி, காதில் இரைச்சல், மூச்சிரைப்பு, தூக்கக் கோளாறு. நாள்பட்ட மலைநோய் என்கிறார்கள். மோங்கே நோய் என்றும் பெயர் உண்டு. நிச்சயமான மருந்து, மலையை விட்டு இறங்குவது. இறங்க முடியாதவர்களுக்கு அவ்வப்போது ரத்தத்தை எடுத்து வெளியே விடுகிறார்கள்! பெருவில் சுமார் 5,100 மீட்டரில் லா ரின்கோனாடா என்ற தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது. உலகிலேயே உயரமான நிரந்தரக் குடியிருப்பு அது. கூலிக்காக அங்கே போய்த் தங்கியவர்களிடம் இந்த நோய் சாதாரணம். திபெத்தியர்களிடம் இது அரிது. திபெத்தில் குடியேறிய ஹான் சீனர்களிடம், அதாவது சீனாவின் பெரும்பான்மை இனத்தவரிடம், அதைவிட அதிகம்.

ஏன் உடம்பு தனக்கே கெடுதல் செய்துகொள்கிறது? இங்கே எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் பலர் ஏற்பதும்கூட. நம் முன்னோர்கள் பெரும்பாலும் தாழ்நிலத்தில் வாழ்ந்தவர்கள். அங்கே சிறுநீரகத்துக்கு ஆக்சிஜன் குறைகிறது என்றால் பெரும்பாலும் ரத்தம் போயிருக்கிறது என்று அர்த்தம்: காயம், பிரசவம், சோகை. அப்போது சிவப்பணுவைக் கூட்டுவது சரியான வைத்தியம். மலையில் ரத்தம் போகவில்லை, அழுத்தம்தான் போயிருக்கிறது. சிறுநீரகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது பழைய வைத்தியத்தையே செய்கிறது. நோயைத் தவறாகக் கணித்துவிட்டு மருந்தை மட்டும் ஒழுங்காகக் கொடுக்கும் வைத்தியம் அது. திபெத்தியர்களின் மரபணு செய்த காரியம், இந்தத் தவறான வைத்தியத்தைக் கட்டுப்படுத்தியது.

குறைந்த ஆக்சிஜனை வைத்து அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், 4,200 மீட்டரில் வாழும் திபெத்தியர்களின் முன்கையில் பாயும் ரத்தம், கடல் மட்டத்துக்காரர்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ரத்தக் குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு தரும் சேர்மங்கள் அவர்கள் ரத்தத்தில் பத்து மடங்குக்கும் அதிகம். மூச்சையும் அவர்கள் ஆண்டீஸ் மக்களைவிட அதிகமாக இழுக்கிறார்கள். கெட்டியாகாத ரத்தம், விரிந்த குழாய், நிறைய மூச்சு.

எந்த மரபணு, என்ன வேலை?

உடலில் ஏறக்குறைய எல்லா செல்களிலும் 'ஹிஃப்' என்ற புரதம் இடைவிடாமல் உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, இன்னொரு புரதம் அதைக் குறிவைத்து அழிக்க வழிசெய்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுபோகும். உடனே ஹிஃப் செல்லுக்குள் குவிந்து, எரித்ரோபொய்ட்டின் உட்பட நூற்றுக்கணக்கான மரபணுக்களை வேலை செய்யத் தூண்டும். செல் ஆக்சிஜனை உணர்வது இப்படித்தான். இதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஹிஃப்பில் ஒரு வகையை உருவாக்கும் மரபணுவின் பெயர் ஈபாஸ்-1. ஹிஃப்பை அழிக்க ஏற்பாடு செய்யும் புரதத்தின் மரபணு ஈ.ஜி.எல்.என்.-1. பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. முதலாவது சிவப்பணுவைக் கூட்டும் பக்கம், இரண்டாவது அதைத் தடுக்கும் பக்கம் என்று நினைவிருந்தால் போதும்.

2010-இல் தனித்தனியாக வேலை செய்த ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிட்டன. திபெத்தியர்களின் டி.என்.ஏ.வில் இயற்கைத் தேர்வின் தடம் எங்கே அழுத்தமாக இருக்கிறது என்று தேடியவர்களில் பலரும் இந்த இரண்டு மரபணுக்களுக்கே வந்து சேர்ந்தார்கள். அவற்றில் ஒரு குழு 50 திபெத்தியர்களின் மரபணுக்களை ஹான் சீனர்களுடையதோடு ஒப்பிட்டது. ஈபாஸ்-1-இல் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் திபெத்தியர்களிடம் 87 சதவீதமும், ஹான் மக்களிடம் 9 சதவீதமும் காணப்பட்டது. இவ்வளவு நெருங்கிய உறவுள்ள இரண்டு மக்களிடையே, மற்ற மரபணுக்களெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, இந்த ஓர் இடத்தில் மட்டும் இத்தனை இடைவெளி தற்செயலாக வராது. அந்த மாற்றம் உள்ள திபெத்தியர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதும் தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்தாலும் அவர்கள் உடம்பில் சிவப்பணு உற்பத்தி எகிறுவதில்லை.

தேர்வு நடக்கும் இடம் பிரசவ அறை

இயற்கைத் தேர்வு என்றதும் பலரும் மலை உச்சியில் மூச்சுத் திணறி விழும் ஆளைக் கற்பனை செய்கிறார்கள். நிஜத்தில் தேர்வு நடக்குமிடம் கருப்பையும் தொட்டிலும். பிள்ளைகளை விட்டுச்செல்ல முடியாதவரின் மரபணு அவரோடு நின்றுவிடும். அதுதான் இதன் மொத்தச் சூத்திரமும்.

பொலிவியாவில் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் பொட்டோசி என்ற ஊர் இருக்கிறது. வெள்ளி கிடைத்ததால் ஸ்பானியர்கள் 1545-இல் அதை நிறுவினார்கள். அங்கே வாழ்ந்த உள்ளூர்ப் பெண்களுக்கு வழக்கம்போலக் குழந்தைகள் பிறந்து வளர்ந்தன. ஸ்பானியத் தம்பதிகளுக்கு மட்டும் பிறக்கும் குழந்தைகள் தங்கவில்லை. அங்கே பிறந்து பிழைத்த முதல் ஸ்பானியக் குழந்தையைப் பார்க்க ஊர் தோன்றி 53 வருடம் ஆனது என்று 17-ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் அதை ஒரு புனிதரின் அற்புதமாகத்தான் எழுதினார். குழந்தைகளைக் கொன்றது ஆக்சிஜன் குறைவு என்று அறியும் காலம் அது இல்லை.

இன்றைய அளவீடுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. தாய் வாழும் இடம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரும்போதும் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறைகிறது. திபெத்தியர்களிடமும் ஆண்டீஸ் மக்களிடமும் இந்தக் குறைவு, புதிதாகக் குடியேறியவர்களிடம் இருப்பதைவிடச் சிறியது. கர்ப்ப காலத்தில் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் அவர்களுக்கு நன்றாகக் கூடுகிறது என்பது முக்கியமான காரணம். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் வருவது அந்த வழியாக மட்டும்தானே!

சிந்தியா பீல் குழுவின் 2004 ஆய்வு இதை இன்னும் நெருங்கிக் காட்டியது. 4,000 மீட்டரில் வாழும் திபெத்தியத் தாய்மார்களை, ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம் பரம்பரையாகவே உயர்வாக இருப்பவர்கள், தாழ்வாக இருப்பவர்கள் என்று குடும்ப வரலாற்றை வைத்துப் பிரித்தார்கள். உயர்வாக இருந்த தாய்மார்கள் சராசரியாக இழந்த குழந்தைகள் 0.48. தாழ்வாக இருந்தவர்கள் இழந்தது 2.53. ஒரு தாய்க்கு இரண்டு குழந்தை வித்தியாசம். தலைமுறைக்குத் தலைமுறை இப்படி நடந்தால், எந்த மரபணு வடிவம் பெருகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2024-இல் அதே வரிசையில் இன்னோர் ஆய்வு வந்தது. ஆராயப்பட்டவர்கள் நேபாளத்தின் வடபகுதியில் வாழும் திபெத்திய வழிப் பெண்கள் 417 பேர். எல்லோரும் 46 வயதைத் தாண்டியவர்கள், அதாவது பிள்ளைப்பேறு முடிந்தவர்கள். அதிகக் குழந்தைகளை உயிரோடு பெற்றவர்களிடம் ஹீமோகுளோபின் மிகக் கூடுதலாகவும் இல்லை, மிகக் குறைவாகவும் இல்லை, நடுவாந்தரமாக இருந்தது. அந்த ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியிருந்த சதவீதம் உயர்வாக இருந்தது. ரத்தம் கெட்டியாகாமலே அதிகம் சுமப்பது பிள்ளைகள் பிழைப்பதில் தெரிந்தது.

கடன் வாங்கிய மரபணு

திபெத்தியர்களின் ஈபாஸ்-1 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் யாரும் எதிர்பாராதது. அந்த மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. துண்டு, இன்றைய மனிதர்கள் யாருடையதோடும் சரியாக ஒத்துப்போகவில்லை. கடைசியில் அது ஒத்துப்போனது ஒரு சுண்டுவிரல் எலும்போடு. சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள டெனிசோவா குகையில் 2008-இல் கிடைத்த எலும்பு அது. 2010-இல் அதன் டி.என்.ஏ.வைப் படித்தபோது, அழிந்துபோன நியாண்டர்தால் என்ற மனித வகையும் அல்லாத, நம்மைப் போன்றவரும் அல்லாத, வேறொரு மனித வகை இருந்தது தெரிந்தது. அவர்களை டெனிசோவன்கள் என்று அழைக்கிறோம். திபெத்தியர்களின் ஈபாஸ்-1 டெனிசோவன்களோடு ஏற்பட்ட கலப்பில் வந்தது என்று மரபணு ஆய்வாளர் ராஸ்மஸ் நீல்சன் முதலானோர் 2014-இல் காட்டினார்கள்.

திபெத்தியப் பீடபூமியின் விளிம்பில் 3,280 மீட்டர் உயரத்தில் பாய்ஷியா குகை இருக்கிறது. 1980-இல் ஒரு புத்த பிக்கு அங்கே ஒரு பாதித் தாடை எலும்பைக் கண்டெடுத்தார். பிறகு பல ஆண்டுகள் அது கிடப்பில் இருந்தது. 2019-இல் அதன் புரதத்தை ஆராய்ந்தவர்கள், அது டெனிசோவன் என்றும் குறைந்தது 1,60,000 ஆண்டு பழையது என்றும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தக் குகை மண்ணிலிருந்தே டெனிசோவன் டி.என்.ஏ. கிடைத்தது. நம் வகை மனிதர்கள் அங்கே ஏறுவதற்கு ரொம்ப முன்பே அந்த உயரத்தில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. 2021-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, இந்த மரபணு வடிவம் திபெத்தியர்களின் முன்னோர்களிடம் வந்து சேர்ந்தது சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன். அது வேகமாகப் பெருகத் தொடங்கியது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட காலமெல்லாம் அது பெரிய நன்மையும் இல்லாமல், பெரிய தொல்லையும் இல்லாமல் சிலரிடம் சும்மா இருந்தது. "மலையில் வாழத் தேவைப்பட்டதால் மரபணு மாறியது" என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அது தலைகீழ். ஏற்கெனவே இருந்தது, தேவை பிறகு வந்தது. ஆண்டீஸ் மக்கள் கதை இதைத் தெளிவாக்கும். அவர்களுடைய முன்னோர்கள் பெருவில் 4,500 மீட்டரை ஒட்டிய இடங்களில் 12,000 ஆண்டுகளுக்கு முன்பே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தேவை அதேதான். ஆனால் டெனிசோவன்கள் கொடுத்த அந்தத் துண்டு அவர்கள் கையில் இல்லை. அவர்களிடம் தேர்வின் தடங்கள் வேறு இடங்களில் தெரிகின்றன: இதயம், ரத்தக் குழாய் சார்ந்த மரபணுக்களில். ஹீமோகுளோபின் உயர்ந்தேதான் இருக்கிறது, மோங்கே நோயும் கூடவே இருக்கிறது. கையில் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் தேர்வு நடந்தது.

எத்தியோப்பியா மூன்றாவது மலை. சிமியன் மலைப்பகுதியில் 3,500 மீட்டரில் வாழும் அம்ஹாரா மக்களை 2002-இல் அளந்தபோது ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 15.9 கிராம், ஆக்சிஜன் 95 சதவீதம். இரண்டும் கடல் மட்டத்து எண்கள்! ஆக்சிமீட்டரை மட்டும் பார்த்தால் அவர்கள் மலையில் இருப்பதே தெரியாது. அங்கே தேர்வுக்கு உள்ளான மரபணுக்களின் பட்டியலும் திபெத்தியப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் வேறுபடுகிறது. அந்த நாட்டில் மனிதர்கள் மலையேறிய வரலாறும் மிகப் பழையது. பாலே மலையில் 3,469 மீட்டரில் உள்ள ஃபிஞ்சா ஹபேரா பாறை ஒதுக்கிடத்தில் 47,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். அங்கே மண்ணுக்குள் வாழும் ராட்சத எலிகளைப் பிடித்துச் சுட்டுத் தின்ற மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. மெனு கொஞ்சம் பயங்கரம்தான், ஆனால் பனிக்காலத்து மலையில் சுலபமாகக் கிடைத்த கறி அதுதான்.

மனிதர்களோடு போன நாயும் இதே வழியில் போயிருப்பது இன்னும் சுவாரசியம். திபெத்திய மாஸ்டிஃப் நாய்களிடமும் ஈபாஸ்-1 மாறித்தான் இருக்கிறது. அதை அவை அந்த மலையின் ஓநாய்களோடு கலந்து பெற்றன. எஜமானுக்கும் நாய்க்கும் ஒரே மரபணு, ஒரே மாதிரிக் கடன். பறவைகள் வேறு வழி பிடித்தன. திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டித்தான் வருகிறது. அதன் ஹீமோகுளோபினே சற்று மாறி, குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடிக்கிறது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் மலைமேல் வாழாதவர்களுக்கும் பயன்படத் தொடங்கிவிட்டது. நாள்பட்ட சிறுநீரக நோயில் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டினைச் சுரக்க முடியாமல் சோகை வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலர் அதற்காக ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்போம். இப்போது மாத்திரையாகவே மருந்து வந்திருக்கிறது. இந்தியாவில் 2022-இல் அனுமதி பெற்ற டெசிடுஸ்டாட் அப்படிப்பட்டது. ஹிஃப்பை அழிக்க ஏற்பாடு செய்யும் புரதத்தை இது தடுக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போதே, உயரமான இடத்தில் இருப்பதாக உடம்பு எண்ணிக்கொண்டு சிவப்பணுவைக் கூட்டுகிறது. எதிர்த்திசையிலும் மருந்து உண்டு. சில சிறுநீரகப் புற்றுநோய்களில் ஈபாஸ்-1 உருவாக்கும் புரதம் அடங்காமல் வேலை செய்து கட்டியை வளர்க்கிறது. அதை முடக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு டாக்டர்கள் அடிக்கடி ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். ஈபாஸ்-1-ஐ முடக்கினால் எரித்ரோபொய்ட்டின் குறையும், அதனால் சோகை வரும் என்பது அதன் முக்கியமான பக்கவிளைவு.